பாடி கட்டின பிறகு மிச்சம் எத்தனை கிலோ?

எங்க குழுவுல ஒன்பது குடும்பம். எல்லாருமே ரெண்டு ஏக்கர், மூணு ஏக்கர் ஆளுங்கதான். மதுராந்தகம் பக்கத்துலேர்ந்து சென்னைக்கு வாரா வாரம் காய், கீரை, அரிசி, தேங்காய் கொண்டுபோய் நேரா விக்கிறோம். இதுவரைக்கும் வாடகை குட்டி யானையிலதான் ஓட்டம். இப்போ சொந்தமா ஒரு வண்டி வாங்கி, பின்னாடி கடை மாதிரி பாடி கட்டி, ரெண்டு பேர் படுக்கிற மாதிரியும் செஞ்சிடலாம்னு பேச்சு ஓடுது. எந்த வண்டின்னு மட்டும் முடிவாகல. ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. என் கருத்தை இங்க எழுதி வைக்கிறேன். இதே யோசனையில வேற ஊர்க்காரங்களும் இருப்பீங்க, உங்களுக்கும் உதவும்.

படுக்கை எதுக்கு, வித்துட்டு ஊருக்கு வந்துடலாமேன்னு சிலர் கேக்குறாங்க. காலையில மயிலாப்பூர் மாட வீதிப் பக்கம் ஆறு மணிக்கு நின்னாத்தான் வியாபாரம். கோயிலுக்கு வர்றவங்க, நடைப்பயிற்சி போறவங்க, எல்லாம் எட்டு எட்டரைக்குள்ள வாங்கிட்டுப் போயிடுவாங்க. அதுக்கப்புறம் வெயில். அடையாறு காந்தி நகர், கஸ்தூரிபா நகர் அடுக்ககங்கள்ல சாயந்திரம் நாலு மணிக்கு மேலதான் ஆள் கீழ இறங்கி வருவாங்க. மறுநாள் காலையில தி.நகர். வண்டி ஊருக்குத் திரும்பி வந்து மறுபடி போனா எண்பது கிலோமீட்டர் போக, எண்பது கிலோமீட்டர் வர டீசல், பரனூர் டோல் வேற. எல்லாத்துக்கும் மேல, ராத்திரி தூங்காதவன் ஸ்டியரிங் பிடிக்கணும். ஜி.எஸ்.டி. ரோட்டுல விடியக்காலை மூணு மணிக்கு ஓட்டினவங்களுக்குத் தெரியும் அது எப்படின்னு. அதனால ஒரு ராத்திரி சென்னையில தங்கல் வேணும். லாட்ஜுல ரூம் போட்டா லாபம் ரூமுக்கே போயிடும். வண்டிதான் ரூம்.

இதை அமெரிக்காவுல உல்லாசத்துக்காகச் செய்யுறாங்க. பிக்கப் வண்டியோட தொட்டியில ஒரு சின்ன அறையைத் தூக்கி வச்சு, அதுலயே கட்டில், அடுப்பு, தண்ணித் தொட்டி எல்லாம் வச்சுக்கிட்டு காடு மலைன்னு போறது. டிரக் கேம்பர்னு பேரு. நம்ம ஊர்ல கேம்பர்னா மகிந்திரா பொலிரோ கேம்பர்தான் ஞாபகம் வரும். அது முன்னாடி அஞ்சு பேர் உட்கார்ற டபுள் கேபின் வண்டி, தங்கலுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. சென்னையில கேரவன்னு சொன்னா சினிமா நடிகர் உட்கார்ற ஏசி வண்டின்னு எல்லாரும் நினைச்சுக்குவாங்க. பேரு என்னவா இருந்தா என்ன, கணக்கு எல்லா நாட்டுலயும் ஒண்ணுதான். அங்கயும் அரை டன் வண்டி, முக்கால் டன் வண்டி, ஒரு டன் வண்டின்னு பேர் சொல்லி விக்கிறாங்க. பழங்காலத்துப் பேரு அது, இன்னைக்கு அந்த வண்டி தாங்குற எடைக்கும் அந்தப் பேருக்கும் தொடர்பு கிடையாது. உண்மையான எடை கதவு ஓரத்துல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல இருக்கும். கேம்பர் விக்கிறவன் சொல்ற எடையும் தண்ணி இல்லாத, சாமான் இல்லாத காஞ்ச எடை. ரெண்டையும் நம்பி வாங்கினவன் எடை மேடையில ஏத்தும்போதுதான் முழிப்பான்.

நம்ம ஊர்லயும் இதேதான் நடக்குது. பக்கத்து ஊர்ல ஒரு இளைஞர் குழு போன வருஷம் வண்டி எடுத்தாங்க. கம்பெனி சொன்ன பளு 1,250 கிலோ. ஒன்றேகால் டன் தாங்கும், நமக்கு எதேஷ்டம்னு சந்தோஷமா பாடி கட்டினாங்க. இரும்பு ஆங்கிள் சட்டம், மேல தகடு, ரெண்டு பக்கமும் தூக்கி விடுற கதவு, உள்ள பிளைவுட், ரெண்டு கட்டில். எல்லாம் முடிச்சதும் அரிசி மில் எடை மேடையில ஏத்திப் பாருங்கன்னு நான்தான் சொன்னேன். ஆர்சியில போட்டிருந்த வெற்று எடையை விட 410 கிலோ கூட இருந்துச்சு. அது பாடி மட்டும். அப்புறம் பேட்டரி, இன்வெர்ட்டர், விளக்கு, ஃபேன் சேர்ந்து ஒரு 45 கிலோ. ஆள் ரெண்டு பேர் 140. தண்ணி 60 லிட்டர்னா 60 கிலோ, அதுல தள்ளுபடி கிடையாது. காலி பிளாஸ்டிக் கிரேடு நாப்பது, ஒண்ணு ரெண்டு கிலோன்னு வச்சாலும் 80. தராசு, தார்ப்பாய், அடுப்பு, பாத்திரம், பாய் தலையணைன்னு 55. கூட்டிப் பாருங்க, 790 கிலோ. ஒரு கத்திரிக்காய் கூட இன்னும் ஏத்தல. 1,250ல 790 போனா மிச்சம் 460.

நான் பத்தாவது வரைக்கும் படிச்சவன். இதுக்கு அந்தப் படிப்பே ஜாஸ்தி, கூட்டலும் கழித்தலும்தான். ஆனா ஷோரூம்ல யாரும் இந்தக் கழித்தலைப் போட்டுக் காட்ட மாட்டாங்க. மைலேஜ் எவ்வளவு, மாசத் தவணை எவ்வளவுன்னு மட்டும் பேசுவாங்க. நாம கேக்க வேண்டியது ரெண்டு எண்ணு. ஆர்சியில வெற்று எடைன்னு ஒண்ணு இருக்கும், வண்டியும் சரக்கும் ஆளும் சேர்ந்து அதிகபட்சமா போகலாங்கிற மொத்த எடைன்னு ஒண்ணு இருக்கும். இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிறதுதான் நம்ம சொத்து. பாடி, கட்டில், தண்ணி, தொப்பை எல்லாம் அதுக்குள்ளதான் அடங்கணும்.

இப்ப எங்க குழுவோட சரக்கைச் சொல்றேன். சராசரியா ஒரு தடவைக்கு காய் 350 கிலோ, கீரை 60, அரிசி பத்து மூட்டை 250, உரிச்ச தேங்காய் இருநூறு, காய் ஒண்ணு அறுநூறு கிராம்னு பார்த்தா 120, கடலெண்ணெய் ஒரு 28 கிலோ. ஆக 800க்குக் கொஞ்சம் மேல. இதுல கவனிக்க வேண்டியது, கீரை 60 கிலோதான், ஆனா வண்டியில கால்வாசி இடத்தை அடைச்சுக்கும். அரிசி 250 கிலோ, ஒரு மூலையில அடங்கிடும். கீரைக்காரன் வண்டி கண்ணுக்கு நிறைஞ்சிருக்கும், எடை இருக்காது. அரிசிக்காரன் வண்டி பாதி காலியா தெரியும், பட்டை நேராகிப் போயிருக்கும். "இன்னும் இடம் இருக்குதே, நாலு பூசணி போடுப்பா"ன்னு சொல்ற ஆள் எல்லா ஊர்லயும் ஒருத்தர் இருக்காரு. எங்க ஊர்ல ரெண்டு பேர்.

குட்டி யானை பத்தி மரியாதையோட ஒரு வார்த்தை. டாடா ஏஸ் 2005ல வந்தப்போ முக்கால் டன் பளு, ரெண்டு சிலிண்டர் டீசல் இன்ஜின். அதுக்கு முன்னாடி நாம மூணு சக்கரத்தையும் டிராக்டரையும் நம்பிக் கிடந்தோம். சிறு விவசாயி சரக்கோட தானே டவுனுக்குப் போகலாம்னு காட்டின வண்டி அது. நீளம் பன்னிரண்டரை அடிதான், மயிலாப்பூர் சந்துல திருப்ப அதை விட்டா வேற வண்டி இல்ல. ஆனா 790 கிலோ பாடியும் தட்டுமுட்டும் ஏத்தினா அதோட கதை அங்கயே முடிஞ்சுது. கீரை மட்டும், ஒரே ஆள், படுக்கை வேணாம், தார்ப்பாய் போதும்னா இன்னைக்கும் அதுதான் சரி. எங்க தேவைக்கு ஆகாது.

ஆனா எங்க மச்சான் ஒருத்தர் ஏஸ்லயே நிக்கிறார். "பின்னாடி ரெண்டு பட்டை சேத்துப் போட்டா ஒண்ணரை டன் அடிக்கலாம் மாமா, ஊரே அடிக்குது"ங்கிறார். பட்டை சேர்த்தா வண்டி பின்னாடி உட்காராது, உண்மைதான். ஆனா பிரேக் அதே பிரேக். ஆக்சில் அதே ஆக்சில். டயர் அதே டயர். டயர் ஓரத்துல ஒரு எண் அச்சடிச்சிருப்பாங்க, பார்த்திருக்கீங்களா? 100னு இருந்தா அந்த ஒரு டயர் 800 கிலோ தாங்கும், 104னா 900 கிலோ, அதுவும் காத்து சரியா இருந்தா. பட்டைக்காரர் அந்த எண்ணை மாத்தித் தர்றதில்ல. வண்டி உட்காராம நிமிர்ந்து நிக்கிறதால நமக்குத் தைரியம்தான் கூடுது, தாங்குற சக்தி கூடல. ஏன், உட்கார்ந்திருந்தாலாவது பாரம் ஜாஸ்தின்னு கண்ணுக்குத் தெரியும்.

அதே மாதிரி பாரத்தை எங்க வைக்கிறோம்ங்கிறதும் முக்கியம். கடைப் பாடி கட்டுறவங்க பின்பக்கம் ஒரு அடி, ஒண்ணரை அடி நீட்டி விட்டுடுறாங்க. அந்த நீட்டல்ல அரிசி மூட்டையை அடுக்கினா பின் சக்கரத்துக்குப் பின்னாடி பாரம் தொங்கும், ஏத்தம் இறைக்கிற மாதிரி முன்பக்கம் தூக்கும். ஸ்டியரிங் லேசாயிடும். மழை நாள்ல திரு.வி.க. பாலம் இறக்கத்துல ஸ்டியரிங் லேசானா என்ன ஆகும்னு நான் சொல்லத் தேவையில்ல. அரிசி, தண்ணி, பேட்டரி இதெல்லாம் கேபினை ஒட்டி, கீழ்த் தட்டுல வைக்கணும். மேல் தட்டுல கீரை, முருங்கைக்காய், வாழையிலை. கட்டிலைக் கூட மேல வைக்காதீங்க, உயரத்துல கனம் சேர்ந்தா திருப்பத்துல ஆடும்.

அப்போ பெரிய வண்டியா எடுத்துடலாமே, 1.7 டன் பொலிரோ பிக்கப்பு? எங்க பெரியவர் கருத்து அது. கணக்குப்படி 790ம் 800ம் சேர்ந்து 1,590 கிலோ, 1.7 டன்ல அடங்குது, பிரச்சினை தீர்ந்துதுன்னு சொல்றார். கணக்கு சரிதான். ஆனா நாம போறது தி.நகர். பாண்டி பஜார்ல நடைபாதையை அகலப்படுத்தி 2019லேர்ந்து வண்டிப் பாதை சுருங்கிப்போச்சு. பனகல் பார்க், மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு எல்லா இடத்துலயும் மெட்ரோ ரெண்டாம் கட்ட வேலை வந்ததுலேர்ந்து தகரத்தை அடிச்சு ரோட்டை ஒதுக்கி ஒதுக்கி விடுறாங்க. நேத்து போன வழி இன்னைக்கு இருக்காது. பங்குனியில அறுபத்து மூவர் அன்னைக்கு மாட வீதிக்குள்ள சைக்கிளே நுழையாது. ரெண்டடி கூடுதல் நீளம்னா அடுக்கக வாசல்ல நிறுத்த வாட்ச்மேன் விட மாட்டார். இன்னொண்ணு, மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு பெர்மிட் வேண்டாம்னு மோட்டார் வாகனச் சட்டம் 66ஆம் பிரிவுலயே இருக்கு. 1.7 டன் பொலிரோ அந்தக் கோட்டைத் தாண்டிடும். ஒன்பது குடும்பம் சேர்ந்து ஓட்டுற வண்டிக்கு ஒரு பேப்பர் குறைஞ்சா ஒரு தலைவலி குறையும்.

என் யோசனை வேற. வண்டியைப் பெருசாக்காதீங்க, பாடியைச் சின்னதாக்குங்க. 410 கிலோ பாடி யாருக்கு வேணும்? அலுமினியக் குழாய், மேல தார்ப்பாய், ஒரு பக்கம் மட்டும் திறக்கிற கதவு, மடக்கி வைக்கிற ரெண்டு நாடாக் கட்டில், இதெல்லாம் 200 கிலோவுல முடியும்னு பட்டறைக்காரரே ஒத்துக்கிட்டார். கொஞ்சம் முகம் சுளிச்சார், இரும்புல கட்டினா அவருக்கு வேலை ஜாஸ்தி. 790ல 210 குறைஞ்சா 580. அதோட 800 சேர்த்தா 1,380. அப்போ ஒண்ணரை டன் ரகம் போதும், கையில 120 கிலோ மிச்சமும் இருக்கும். அசோக் லேலண்ட் தோஸ்துல ஒண்ணேகால் டன்னுல ஆரம்பிச்சு ஒண்ணரை வரைக்கும் ரகம் இருக்கு, டாடா இன்ட்ராவுலயும் ஒண்ணரை டன் இருக்கு, இந்த ரகத்துல மொத்த எடை 3,000க்குள்ளயே நிக்கிற வண்டிகள் கிடைக்குது. தோஸ்து நம்ம ஓசூர்ல 2011லேர்ந்து செய்யுற வண்டி, உதிரி பாகம் செங்கல்பட்டுலயே கிடைக்கும். நான் எந்தக் கம்பெனிக்கும் ஆள் இல்ல. எடை பொருந்துற எந்த வண்டியா இருந்தாலும் எனக்குச் சம்மதம். அந்த 120 கிலோ மிச்சத்தைப் பார்த்து யாரும் பூசணி தூக்கிட்டு வரக் கூடாது. பொங்கல் வாரத்துல கரும்பு, மஞ்சள், பூசணின்னு சேரும்போது ரெண்டு நடை போகணும், ஒரே நடையில அடைக்கக் கூடாது.

சட்டம் பத்தியும் சுருக்கமா சொல்லிடுறேன். அளவுக்கு மேல ஏத்தினா 2019 திருத்தத்துக்கு அப்புறம் அபராதம் 20,000 ரூபாய், அதுக்கு மேல கூடுதலா இருக்கிற ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. கூடுதல் சரக்கை இறக்கச் சொல்லவும் அதிகாரம் உண்டு. கிண்டியில நடுரோட்டுல தக்காளியை இறக்கி வச்சா யார் வீட்டுக்குக் கொண்டு போறது? ஆர்சியில இருக்கிறதுக்கு மாறா வண்டியை மாத்தினா அது 52ஆம் பிரிவு, அதுக்கும் தனி அபராதம். அதனால பாடி கட்டுறதுக்கு முன்னாடியே ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல வரைபடத்தைக் காட்டி, எப்படி பதிவு பண்ணணும்னு கேட்டு, அதுக்கப்புறம் வெல்டிங் வையுங்க. கட்டி முடிச்சுட்டு புரோக்கரைத் தேடாதீங்க. லைசென்ஸ் விஷயத்துல ஒரு நல்ல சேதி. சாதாரண எல்.எம்.வி. லைசென்ஸ் இருந்தாலே 7,500 கிலோவுக்குட்பட்ட சரக்கு வண்டி ஓட்டலாம், தனியா எண்டார்ஸ்மென்ட் வேண்டாம்னு உச்ச நீதிமன்ற அரசியல் சாசன பெஞ்ச் 2024 நவம்பர்ல தீர்ப்பு சொல்லியிருக்கு. இன்சூரன்ஸ்காரங்க இதைச் சொல்லித்தான் நிறைய பேருக்குப் பணம் தராம இழுத்துக்கிட்டு இருந்தாங்க. எங்க குழுவுல நாலு பசங்க கார் லைசென்ஸ் வச்சிருக்காங்க, மாத்தி மாத்தி ஓட்டலாம்.

ராத்திரி படுக்கிறதைப் பத்தியும் ஒண்ணு. சென்னைப் புழுக்கத்துல மூணு பக்கமும் அடைச்ச பெட்டிக்குள்ள படுத்தா விடியும்போது வெந்து போயிருப்பீங்க. கொசுவுக்கு பயந்து கதவைச் சாத்திட்டு உள்ள கரி அடுப்போ கேஸ் அடுப்போ பத்த வைக்காதீங்க, மூச்சு முட்டி ஆளே போயிடும். சமையல் வெளியிலதான். ரெண்டு பக்கமும் கொசுவலை அடிச்ச ஜன்னல் வேணும். இதுவும் தகட்டுப் பாடியை விட தார்ப்பாய் பாடிதான் மேல்னு நான் சொல்றதுக்கு ஒரு காரணம்.

இப்ப உண்மையான சண்டைக்கு வரேன். எங்க குழுவுல கீரை பறிக்கிறது, கட்டுறது, சென்னையில நின்னு விக்கிறது முக்காவாசி பொம்பளைங்கதான். வாடகை வண்டியில இதுவரைக்கும் அஞ்சாறு பேர் பின்னாடி மூட்டை மேல உட்கார்ந்துதான் போயிருக்காங்க. கூட்டத்துல எங்க பெரியம்மா ஒருத்தங்க கேட்டாங்க: "கட்டிலு, ஃபேனு, தண்ணித் தொட்டி எல்லாத்துக்கும் கணக்கு எழுதினீங்களே, நாங்க உட்கார எத்தனை கிலோ எழுதினீங்க?" யாரும் வாய் திறக்கல. ஒரு தம்பி டபுள் கேபின் எடுத்துடலாம்னான். அஞ்சு பேர் முன்னாடி உட்காரலாம், சரி. ஆனா கேபின் நீண்டா தொட்டி குறுகும், அந்தக் கேபினோட எடையும் பளுவுலதான் கழியும், அஞ்சு பேருக்கே 300 கிலோவுக்கு மேல போயிடும். கட்டிலும் வைக்க முடியாது, அரிசியும் ஏத்த முடியாது. அவன் படம் காட்டின பெரிய பெரிய டபுள் கேபின் பிக்கப்பெல்லாம் பார்க்க மலை மாதிரி இருக்கு, விலை கேட்டா நிலத்தை வித்தாலும் பத்தாது.

வேற சிலர், "ஒரு நாள்தானே, பழைய மாதிரி பின்னாடியே வரட்டும்"ங்கிறாங்க. இதுல நான் ஒத்துப்போக மாட்டேன். சரக்கு வண்டியில பின்னாடி ஆளை ஏத்துறது சட்டப்படி தப்புங்கிறது இருக்கட்டும். ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ் கையை விரிச்சிடும், அதுவும் இருக்கட்டும். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எங்க பக்கத்துலயே ஒரு சரக்கு வண்டி பின் டயர் வெடிச்சு ரோட்டோரம் சாய்ஞ்சுது. மூட்டை மேல இருந்த மூணு பேர் மூட்டைக்குக் கீழ போயிட்டாங்க. ஒருத்தங்களுக்கு இடுப்பு போச்சு, இன்னைக்கும் குனிஞ்சு நாத்து நட முடியாது. அந்த வண்டி எவ்வளவு ஏத்தியிருந்ததுன்னு ஊருக்கே தெரியும். நாம இப்ப சொந்தமா வாங்குற வண்டியில கடைப் பாடி வேற, தராசு, கிரேடு, பேட்டரின்னு மேல விழுற சாமான் இன்னும் ஜாஸ்தி.

நான் கூட்டத்துல வச்ச யோசனை இதுதான். வண்டியில டிரைவரும் கூட ஒருத்தரும் மட்டும். விக்கப் போற பொம்பளைங்க செங்கல்பட்டுலேர்ந்து மின்சார ரயில்ல வரட்டும். மாம்பலத்துல இறங்கினா தி.நகர் வாசல்லயே இறங்கின மாதிரி. மயிலாப்பூருக்கும் அடையாறுக்கும் கிண்டியிலயோ சைதாப்பேட்டையிலயோ இறங்கி பஸ். காலையில மயிலாப்பூர் கடையைத் திறக்க முதல் நாள் ராத்திரியே வண்டியோட போன ரெண்டு பேர் போதும், மத்தவங்க ஏழு மணிக்கு வந்து சேர்ந்துக்கலாம். ராத்திரி தங்கல் அவங்களுக்குக் கிடையாது, சாயந்திரம் ரயில்ல வீடு.

இதுக்கு எதிரா வந்த ஒரே பேச்சு, ரயில் டிக்கெட், பஸ் டிக்கெட் யார் தர்றதுங்கிறது. "அவங்க அவங்க கூலியில பிடிச்சுக்கலாம்"னு ஒருத்தர் சொன்னார். பேட்டரிக்கு 45 கிலோ ஒதுக்கி அதுக்கு ஆகுற காசை வண்டிச் செலவுல எழுதுறோம். டோலுக்கு எழுதுறோம், காத்து அடிக்கிறதுக்குக் கூட எழுதுறோம். டிக்கெட்டும் அதே நோட்டுல, அதே பக்கத்துலதான் எழுதணும். வர்ற ஞாயித்துக்கிழமை கூட்டத்துல ஆர்சி எடையோட சேர்த்து இதையும் ஓட்டுக்கு விடச் சொல்லியிருக்கேன். பெரியம்மா ஓட்டு எனக்குத்தான்.